மணிகளுக்கு நடுவே குமிழி: ஓப்பன்ஃபோமோடு ஆறு வருடம்

வேலை கேட்க எளிமையாகத்தான் இருந்தது. 5 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் குழாய், உள்ளே நெருக்கமாக 3 மி.மீ. கண்ணாடி மணிகள், கீழிருந்து தண்ணீரும் காற்றும் சேர்ந்து மேலே ஏறும். வினையூக்கிக் குருணைகள் நிரப்பிய ரியாக்டருக்கு இது ஒரு சின்ன மாதிரி. அழுத்தம் எவ்வளவு விழுகிறது, உள்ளே காற்று எவ்வளவு தங்குகிறது, இந்த இரண்டையும் கணினியில் கணக்கிட வேண்டும். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வழியில்லை, திரவங்கள், வாயுக்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம். 2019இல் நான் அதற்கு வந்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

எல்லாரையும் போல நானும் மென்பொருளோடு கூடவே வரும் குமிழித் தம்பப் பயிற்சியைத்தான் (தண்ணீர்த் தூணில் காற்றுக் குமிழி ஏறும் மாதிரிக் கணக்கு) நகலெடுத்தேன். அளவுகளை மாற்றி, மணிப் படுகை இருக்கும் பகுதிக்கு டார்சி-ஃபோர்கைமர் தடையைச் சேர்த்தேன்; ஓட்டத்தைத் தடுக்கும் இந்தச் சமன்பாட்டில் வேகத்தோடு ஏறும் ஒரு உறுப்பும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் இரண்டாவது உறுப்பும் உண்டு. ஒரே நாளில் ஓடிவிட்டது. படமும் அழகாக வந்தது. இரண்டு வாரம் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் காற்றை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். மணிகளுக்கு இடையே 40% வெற்றிடம் (மணி இல்லாத காலி இடம்), தண்ணீர் காலிக் குழாய்க் கணக்கில் விநாடிக்கு 1 செ.மீ. இப்படிப்பட்ட படுகையின் அழுத்த இழப்புக்கு சப்ரி எர்கன் 1952இல் தந்த சூத்திரத்தைக் கையால் போட்டால் மீட்டருக்கு 1,484 பாஸ்கல் வருகிறது. திரையில் 1,211. தவறு என்னுடையதுதான். மென்பொருள் தன் சமன்பாட்டின் இரண்டாவது உறுப்பில் ஒரு அரையை வைத்திருக்கிறது, எர்கன் வைக்கவில்லை. அதனால் எர்கனின் மாறிலி 1.75க்குப் பதில் 3.5 போட்டுக் கணக்கிட வேண்டும். நான் 1.75ஐ அப்படியே எடுத்து வைத்திருந்தேன். முதல் உறுப்புக்கும் இரண்டாவதுக்கும் கொடுக்க வேண்டிய சரியான எண்கள் இந்தப் படுகைக்கு முறையே 9.375 கோடியும் 10,937.5உம். இந்த இரண்டு எண்ணும் இன்றைக்கும் என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கின்றன.

அழுத்தம் சரியானதும் நிம்மதியாக இருந்தேன். சாயம் விட்டுப் பார்த்தபோது அதுவும் போயிற்று. தண்ணீர் 40% இடத்தில் மட்டுமே ஓடுவதால் 1 மீட்டர் படுகையை 40 விநாடியில் கடக்க வேண்டிய சாயம், சிமுலேஷனில் 100 விநாடி எடுத்துக்கொண்டது. நான் சேர்த்த தடை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மணிகள் அடைத்துக்கொண்டிருக்கும் 60% இடத்தை அது கழிக்காது. காலி ரியாக்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத பிரேக் போட்டமாதிரி. நிலையான ஓட்டத்தின் அழுத்தம் மட்டும் போதுமென்றால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் கூடச் சின்ன விஷயம். நிஜமான தலைவலி குமிழி. பயிற்சிக் கோப்பில் குமிழியின் விட்டம் 3 மி.மீ. என்று இருக்கும். மூன்று மணிகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் நடுவே உள்ள இடுக்கில் நுழையக்கூடிய மிகப் பெரிய வட்டம், மணியின் விட்டத்தில் சுமார் 15.5%. நம் மணிக்கு அது அரை மி.மீ.கூட இல்லை. அந்த வழியாக 3 மி.மீ. குமிழி உருண்டையாக எப்படிப் போகும்? குழாயை உற்றுப் பார்த்தால் தெரியும்: குமிழி ஒரு இடுக்கில் வந்து மாட்டும், நிற்கும், பின்னால் வரும் இன்னொன்றோடு சேரும், திடீரென்று நழுவி மேலே ஓடும். ஷில்லர்-நௌமன் இழுவை விதியோ திரவத்தில் தன்னந்தனியாகப் போகும் கோளத்துக்கு எழுதியது. அதை வைத்தால் காற்று சர்ரென்று மேலே போய்விடுகிறது, உள்ளே தங்குவதே இல்லை. நாங்கள் அளந்தது அப்படியில்லை. மேலும் கீழும் ஒரு வால்வு, ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே நேரத்தில் மூடி, தண்ணீர் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பார்ப்போம். முரட்டு முறைதான், ஆனால் பொய் சொல்லாது.

கடைசியில் கை கொடுத்தது டுங், திர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் தந்த மாதிரி. அணு உலை விபத்தில் உருகிச் சிதறிய எரிபொருள் குவியல் எப்படிக் குளிரும் என்ற கேள்வியை ஒட்டி வளர்ந்த ஆராய்ச்சி அது. மணிகளின் அளவையும் வெற்றிடத்தையும் சேர்த்தே காற்றுக்கும் நீருக்கும் இடையிலான இழுவையைக் கணக்கிடுகிறது. இருக்கிற இழுவைக் கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றி, சூத்திரத்தை எழுதி, கம்பைல் செய்தேன். ஒரு சாயங்கால வேலை. காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் இப்படிக் கையை விட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். இந்த மென்பொருளை நான் விடாமல் இருப்பது இதற்காகத்தான்.

அதே காரணத்தால்தான் பதிப்பு மாற்றமும் வலிக்கிறது. 2021இல் வந்த 9ஆம் பதிப்பில் என் இருநிலை சால்வரை (காற்று, நீர் இரண்டின் சமன்பாடுகளையும் தீர்க்கும் நிரல்) பலநிலை சால்வரோடு இணைத்துவிட்டார்கள். 2023இன் 11ஆம் பதிப்பில் சால்வர்களே மாட்யூல்களாக மாறின. நான் எழுதிய கோப்பை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். ஒருமுறை திருத்தினேன், போதும் என்றாகிவிட்டது. இந்த வேலைக்கு மட்டும் பழைய உபுண்டுவில் 8ஆம் பதிப்பே ஓடுகிறது.

ஒவ்வொரு மணியையும் மெஷ்ஷில் (கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையில்) வரைந்து ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்தேன். மணிகள் தொடும் புள்ளியில் மெஷ் கிழியும், அதற்காக மணியின் விட்டத்தை 1% சுருக்குவார்கள். அந்த 1% வெற்றிடத்தை 40இலிருந்து 41.8% ஆக்கி, எர்கன் கணக்கில் அழுத்த இழப்பை 15% அளவுக்குக் குறைத்துவிடுகிறது. சில நூறு மணிகளுக்கு மேல் என் கணினியும் தாங்கவில்லை.

சுவரோரம் இன்னும் சரியாகவில்லை. குழாயின் சுவரை ஒட்டி வெற்றிடம் 100% வரை ஏறுகிறது, தண்ணீர் அந்த வழியாக நழுவப் பார்க்கிறது. ஆரத்தோடு மாறும் வெற்றிடத்தை இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கணினியில் ஓடிய கணக்கு போன வாரம் பாதியில் நின்றது, மறுபடி விட்டிருக்கிறேன்.