வாடகை புரோக்கரா, பில்டர் ஆபீஸா, சானல் பார்ட்னரா? பெங்களூரில் ரியல் எஸ்டேட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெங்களூரில் ரியல் எஸ்டேட் தொழிலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பலர் நல்ல உழைப்பாளிகள், பேச்சிலும் கெட்டிக்காரர்கள். முதல் கமிஷன் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் இங்கே இருக்கும் வழிகளை அந்தக் கணக்கை வைத்தே எடை போடுகிறேன்.

முதல் வழி, நம் ஏரியாவிலேயே வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது. அல்சூர், முருகேஷ்பாளையா, ஈஜிபுரா, விவேக்நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைத் தொடங்க ஒரு போனும் ஒரு ஸ்கூட்டரும் போதும். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது இங்கே வழக்கம். 30,000 ரூபாய் வாடகை என்றால் அதே 30,000. வீட்டுக்காரர் வேறொரு புரோக்கருடைய ஆள் என்றால் ஆளுக்குப் பாதி. தொகை சிறியதுதான். ஆனால் அக்ரிமென்ட் போட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே பெரும்பாலும் பணம் வந்துவிடும்.

எந்த வீடு காலியாகப் போகிறது என்பது டு-லெட் போர்டு தொங்குவதற்கு முன்பே இஸ்திரி வண்டிக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும். அவர்களோடு தமிழில் பேசலாம், வீட்டுக்காரரோடு கன்னடத்தில் பேச வேண்டியிருக்கும். கன்னடம் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை, பேசிப் பழகுங்கள்.

2014-ல் புரோக்கர் இல்லாமலே வீடு தேட உதவும் நோபுரோக்கர் தளம் வந்த பிறகு, வீட்டுக்காரரும் குடிவருபவரும் நேராகப் பேசிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அப்படியிருக்க நமக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? போனில் தெரியாததை நாம் சொன்னால் கொடுப்பார்கள். காவிரித் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, போர்வெல் மட்டும்தானா, கோடையில் டேங்கர் வாங்க வேண்டுமா, அந்தச் செலவு யார் தலையில்? 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குத் தவித்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். முன்கூட்டியே உண்மையைச் சொன்ன புரோக்கரைத்தான் அடுத்த வீடு மாறும்போதும் கூப்பிடுவார்கள்.

வாடகையோடு சேர்ந்தே வருவது லீஸ். மாத வாடகை கிடையாது, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. பழைய ஏரியாக்களில் இன்னமும் நிறைய நடக்கிறது. இங்கேதான் புதியவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்து, கடன் கட்டாமல் விட்டு, வங்கி வீட்டை எடுக்க வந்தால், ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்காமல் லீஸ் பேசாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க 11 மாதப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், பதிவில்லாத பத்திரத்தை நம்பி லட்சங்களைக் கொடுப்பதன் ஆபத்தைக் குடிவருபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கமிஷன் போனாலும் போகட்டும்.

இரண்டாவது வழி, பில்டர் ஆபீஸில் சம்பள வேலை. மாதாமாதம் சம்பளம், விற்றால் இன்சென்டிவ். புதியவர்களைப் பெரும்பாலும் ப்ரீ-சேல்ஸில் உட்கார வைப்பார்கள். நாள் முழுக்க போன், சைட் விசிட்டுக்கு ஆள் வரவழைப்பது, மாத டார்கெட். சனி, ஞாயிறு கண்டிப்பாக வேலை; லீவு வார நாளில்தான். சைட் சர்ஜாபூர் ரோட்டிலோ தேவனஹள்ளியிலோ இருந்தால், பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும்.

கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. லோன் எப்படிச் சாங்ஷன் ஆகிறது, கார்பெட் ஏரியாவுக்கும் (வீட்டுக்குள் புழங்கும் இடம்) சூப்பர் பில்ட்-அப்புக்கும் (சுவர், படிக்கட்டு, பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது) என்ன வித்தியாசம், வாங்குபவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதையெல்லாம் சம்பளத்தோடு கற்கலாம். குறை என்னவென்றால், அந்த பில்டருடைய பிராஜெக்ட் மட்டும்தான் தெரியும். வேலையை விட்டால் வாடிக்கையாளர் விவரங்கள் கம்பெனியோடு நின்றுவிடும்.

மூன்றாவது, சானல் பார்ட்னர் வழி. பல பில்டர்களின் புது பிராஜெக்ட்களை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் நிறுவனங்களில் சேர்வது. பெரிய தொகைகள் காதில் விழுவது இங்கேதான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 லட்சம் ரூபாய் பிளாட், கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000. அதில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் 60,000, அதிலும் டிடிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தம் போக. அது எப்போது வரும்? வாங்குபவர் அட்வான்ஸ் கட்டி, லோன் வந்து, அக்ரிமென்ட் பதிவாகி, பிறகுதான் பில்டருக்கு இன்வாய்ஸ் போகும். மாதக்கணக்கில் ஆகும். நடுவில் புக்கிங் கேன்சல் ஆனால் ஒன்றும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், லீட் டேக் ஆவது, அதாவது வாங்க வருபவர் யார் கணக்கில் பதிவாகிறார் என்பது. நீங்கள் நாலு வாரம் பேசிப் பேசி அழைத்துப் போன ஆள், அதற்கு முன்பே பில்டரின் இணையதளத்தில் நம்பர் கொடுத்திருந்தால் அவர் பில்டருடைய நேரடி வாடிக்கையாளர் ஆகிவிடுவார். உங்கள் உழைப்பு கணக்கில் வராது. சைட்டுக்குக் கிளம்பும் முன்பே பெயரைப் பதிவு செய்து, பில்டர் தரப்பிலிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதுதான் இதற்கு வழி.

சட்டமும் இங்கேதான் இறுக்கம். 2016-ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான பிராஜெக்டில் வீடோ மனையோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் தனிநபருக்குக் கட்டணம் 25,000 ரூபாய், 5 வருடம் செல்லும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். வாடகைக்கு இந்தப் பதிவு வேண்டியதில்லை. அதேபோல, விற்பனை அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இதை வாங்குபவரிடம் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு வலை இருக்கிறது: ஒசூர் மனை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு, விலை குறைவு, ஊர்க்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள். ஆனால் கர்நாடக ரெரா பதிவு எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது, தமிழ்நாட்டில் தனியாகப் பதிய வேண்டும். இந்தப் பக்கமும் ரெவின்யூ சைட் என்ற பெயரில் விவசாய நிலத்தை டிசி கன்வெர்ஷன் (வேறு பயன்பாட்டுக்கு மாற்ற டெபுடி கமிஷனர் தரும் அனுமதி) இல்லாமலே துண்டு போட்டு விற்கிறார்கள். முதல் வருடத்தில் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று சொந்தபந்தத்துக்கு மனை விற்காதீர்கள். பத்திரம் படிக்கத் தெரிந்த பிறகு விற்கலாம்.

பழைய வீடு கைமாற்றும் ரீசேல் வேலையைப் புதியவர்களுக்கான வழியாக நான் சேர்க்கவில்லை. தாய்ப் பத்திரம், மாநகராட்சியின் சொத்துப் பதிவான கட்டா ஏ-வா (விதிப்படி உள்ளது) பி-யா (விதிமீறல் உள்ளது), வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று பார்க்கத் தெரிய வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரில் பதிவுக்கு இ-கட்டா, அதாவது கணினியில் ஏறிய கட்டா, கட்டாயம். பி கட்டா என்றால் பல வங்கிகள் கடன் கொடுக்காது. ஒரு நல்ல வக்கீலோடு பழகி, இரண்டு மூன்று வருடம் கழித்து வர வேண்டிய இடம் அது. நிலையான பேர் கிடைப்பதும் அங்கேதான்.

சரி, எதில் இறங்குவது? வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருந்தால் பில்டர் ஆபீஸ். வளர்ந்த ஏரியாவிலேயே இருக்கிறீர்கள், வீட்டுச் சாப்பாடு, வாடகைச் செலவில்லை என்றால் வாடகை வேலையில் தொடங்குங்கள். என் ஓட்டு அதற்குத்தான். ஆட்களையும் தெருவையும் அதுபோல வேறெதுவும் கற்றுத் தராது. சானல் பார்ட்னர் பக்கம் போவதென்றால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு போங்கள். சேரும் நாளிலேயே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கமிஷனில் உங்கள் பங்கு எவ்வளவு, பில்டரிடமிருந்து பணம் வந்த எத்தனை நாளில் தருவார்கள், நீங்கள் வேலையை விட்ட பிறகு பதிவாகும் புக்கிங்குக்கு என்ன கிடைக்கும். வாய்வார்த்தையாக மட்டும் சொல்கிறார்கள் என்றால் அடுத்த ஆபீஸைப் பாருங்கள்.