உள்ளூர் மையங்களைத் தேட சிட்டிசீர்: எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றும்

பெருநகரம் ஒன்றின் தெருக்களை அப்படியே நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் வலையமைப்பு நூலகத்தில் ஏற்றி பிட்வீன்னஸ் (ஓரிடத்தின் வழியே எத்தனை குறுகிய பாதைகள் போகின்றன என்ற அளவு) கணக்கிட்டால், பளிச்சென்று தெரிவது நெடுஞ்சாலைகளும் பாலங்களும்தான். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையுள்ள எல்லாப் பாதைகளும் எண்ணப்படுவதால், பேட்டைக் கடைத்தெரு அதில் அமுங்கிப்போகும். உள்ளூர் மையம் தெரிய வேண்டுமானால் கணக்குக்குத் தூர வரம்பு வேண்டும். சிட்டிசீர் என்ற பைத்தான் நூலகம் இந்த வரம்பை மையமாக வைத்தே எழுதப்பட்டது. கணக்கிடும் பகுதி ரஸ்ட் மொழியில் இருப்பதால் வேகத்துக்கும் குறைவில்லை.

400, 800, 1600 மீட்டர் என்று வரம்புகளைக் கொடுத்தால், ஒவ்வொரு முனையிலிருந்தும் (தெருக்கள் சந்திக்கும் அல்லது முடியும் புள்ளி) தெருவழியே அத்தனை தூரத்துக்குள் எட்டக்கூடியவை மட்டும் கணக்கில் வரும். 800 மீட்டர் என்பது ஏறக்குறைய பத்து நிமிட நடை. தொடங்க நல்ல அளவு.

வழக்கமான குளோஸ்னஸ் (மற்ற முனைகள் சராசரியாக எவ்வளவு அருகில் உள்ளன என்ற அளவு) இங்கே தவறாகப் போகும். வரம்புக்குள் நாலைந்து முனைகளே உள்ள முட்டுச்சந்துக்கும், அவை அருகில் இருந்தால் உயர்ந்த மதிப்பு வந்துவிடும். ஹார்மோனிக் வகை இதைச் சரிசெய்கிறது. ஆனால் அது தூரத்தின் தலைகீழைக் கூட்டுவதால், 2 மீட்டரில் இருக்கும் ஒரு முனை 500 மீட்டரில் இருக்கும் 250 முனைகளுக்குச் சமமாகிவிடும். அதனால் தூரம் கூடக்கூட எடை தேயும் கிராவிட்டி வகையே நம் பரிந்துரை. 800 மீட்டருக்கு அதன் பீட்டா (எடை தேயும் வேகம்) 0.005, அதாவது 400 மீட்டரில் எடை 0.135, எல்லையில் 0.018.

பெரும்பாலும் கோளாறு கணக்கில் இல்லை, தரவில் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவில் நடைபாதை தனிக் கோடாகவும், நடுத்தடுப்புள்ள சாலை இரு கோடுகளாகவும் வரையப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் ஒரே தெரு மூன்று நான்காக எண்ணப்பட்டு, இல்லாத மையம் முளைக்கும். நூலகத்தின் துப்புரவுக் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் பெரிய சந்திப்புகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து கண்ணால் பார்க்காமல் மேலே போகக் கூடாது. அருகருகே உள்ள கோடுகளை ஒன்றாக்கும் இணைப்புத் தூரத்தைத் தாராளமாக வைத்தால் குறுகிய சந்துகளே ஒன்றாகி மறைந்துவிடும்.

துப்புரவு முடிந்த பிறகு, நீண்ட தெருக்களை 50 மீட்டர் துண்டுகளாகப் பிரிப்பது நல்லது. இல்லையென்றால் சந்திப்புகள் நெருக்கமாக உள்ள இடமே எப்போதும் முன்னால் நிற்கும். இந்த வரிசை மாறினால் பிழையான கோடுகளும் சேர்ந்து பெருகும்.

எல்லை விஷயத்தில் கவனம் தேவை. ஆய்வுப் பகுதியை அதிகபட்ச வரம்பின் அளவுக்காவது சுற்றிலும் விரித்துத் தரவிறக்க வேண்டும். 1600 மீட்டர் கணக்குக்கு 1600 மீட்டர். விரிவுப் பகுதி முனைகளை 'லைவ்' அல்லாதவையாகக் குறித்தால், பாதைகளுக்குப் பயன்படும், முடிவில் சேராது. ஆயத்தொலைவுகள் மீட்டரில் இருக்க வேண்டும், யூடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட ஆயமுறை) போதும்.

வரம்பு நான்கு மடங்கானால் எட்டும் முனைகள் ஏறக்குறைய பதினாறு மடங்கு. எனவே 400-இல் ஓட்டிச் சரிபார்த்த பிறகே 1600-க்குப் போங்கள்.

தெருக்களை மட்டும் வைத்து மையம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. நெருக்கமான குடியிருப்புச் சந்துகளும் கிராவிட்டியில் உயர்ந்து நிற்கும், கடை ஒன்றுகூட இல்லாமல். இங்கேதான் இந்த நூலகம் தனித்து நிற்கிறது: கடை, பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களின் புள்ளிகளைக் கொடுத்தால், அதே தூர வரம்பில் எட்டும் எண்ணிக்கையையும் ஹில் பன்மை அளவையும் (எத்தனை வகை இடங்கள் எவ்வளவு சமமாகக் கலந்துள்ளன என்பது) தருகிறது. கிராவிட்டி, 800 மீட்டர் பிட்வீன்னஸ், பன்மை மூன்றும் சேர்ந்து உயரும் இடத்தை மையம் எனலாம். முதல் இரண்டு மட்டும் உயர்ந்தால், மையமாக வளர வாய்ப்புள்ள இடம் என்று கொள்வதே நேர்மை.

குறைகள் உண்டு. ஒருவழிப் பாதைகளை இது பொருட்படுத்தாது. நடப்பவர்களுக்குப் பொருந்தும், வாகனங்களுக்குப் பொருந்தாது. வாகனங்களுக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களைத் தரவிறக்கும் ஓஎஸ்எம்என்எக்ஸ் நூலகத்தில் எடுத்த வலையமைப்பை, ஐகிராஃப் என்ற வலையமைப்பு நூலகத்தின் கட்ஆஃப் (தூர வரம்பு) வசதியுடன் ஓட்டலாம். பதிப்புக்குப் பதிப்பு செயற்கூறுகளின் பெயர்கள் மாறியிருப்பதால் பழைய எடுத்துக்காட்டுகள் ஓடாமல் போகலாம். திட்டம் தொடங்கும்போதே பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள்.