புதியது என்று சொல்லி விற்கப்பட்ட பழைய ஜிபிஎஸ் கருவி: மான் வேட்டைக்குச் செல்வோர் கவனத்திற்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு தமிழ் நண்பர்கள் இந்த ஆண்டு வேட்டை உரிமம் எடுத்திருக்கிறார்கள். காட்டுக்கு எந்த ஜிபிஎஸ் கருவியை (செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வாங்கலாம் என்று இருவருமே என்னிடம் கேட்டார்கள். 2023ஆம் ஆண்டு நான் ஏமாற்றப்பட்டதைப் போல அவர்களும் ஏமாறக் கூடாது என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்டோபர் மாத நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு வேட்டைப் பொருள் கடையில் 280 டாலருக்கு அந்தக் கருவியை வாங்கினேன். புத்தம் புதியது என்றும், மாநிலம் முழுவதற்குமான நில உரிமையாளர் எல்லைகளைக் காட்டும் வரைபட அட்டை உள்ளேயே இருக்கிறது என்றும் கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். தகரக் கூரையின் கீழேயே கருவியை இயக்கி, செயற்கைக்கோள் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் பட்டைகள் அத்தனையும் நிரம்பி நிற்பதைக் காட்டி, கட்டடத்துக்குள்ளேயே இப்படி என்றால் காட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் காட்டியது டெமோ நிலை என்பதும், வானத்திலிருந்து எந்தச் சமிக்ஞையும் பெறாமலேயே கருவி அந்த நிலையில் பட்டைகளை நிரப்பிக் காட்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வேலைப்பளுவால் அதை வெளியில் எடுத்துச் சென்று சோதிக்கவும் இல்லை. அது என் தவறு.

துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் இங்கே 2019 முதல், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிந்த சனிக்கிழமையன்று தொடங்குகிறது. 2023இல் அது நவம்பர் 25. விடியுமுன் மாநில வேட்டை நிலத்தின் வாகன நிறுத்துமிடத்தில் கருவியை இயக்கியபோது, திரையில் 2004 ஏப்ரல் 10 என்று தேதி வந்தது. ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1,024 வரை மட்டுமே எண்ணிவிட்டு மறுபடியும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6ஆம் தேதி. அதற்கேற்ப மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள், இன்றைய நாளை 1,024 வாரங்களுக்கு முந்தைய நாளாக எடுத்துக்கொள்கின்றன. நவம்பர் 25இலிருந்து அத்தனை வாரம் பின்னோக்கிக் கணக்கிட்டால் வருவது அதே ஏப்ரல் 10தான். எனக்கு விற்கப்பட்டது பல ஆண்டுப் பழைய சரக்கு என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

இருக்கும் இடத்தை அது சரியாகத்தான் காட்டியது. ஆனால் சூரிய உதயத்தையும் மறைவையும் தேதியை வைத்தே கணக்கிடுவதால், மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும் நாளில், மறைவு நேரம் ஏழு மணிக்கு மேல் என்று காட்டியது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சட்டம் சுட அனுமதிக்கிறது. அச்சிட்ட நேர அட்டவணை என் சட்டைப் பையில் இல்லாதிருந்தால், அந்தத் திரையை நம்பிக் குற்றவாளி ஆகியிருப்பேன்.

வரைபடமோ திறக்கவே இல்லை. அட்டையில் இருந்தது வேறொரு கருவிக்கு உரிமம் பெற்ற வரைபடத்தின் திருட்டு நகல். வரைபடத்தைத் திறக்க இயலவில்லை என்ற செய்தி தோன்றி, அதன்பின் வெள்ளைப் பரப்பில் இரண்டு சாலைக் கோடுகள் மட்டும் நின்றன. பிற்பகலில் நான் சுட்ட மான் விழாமல் ஓடியது. ஓக் சருகுகளின் மேல் சிறு நாணயம் அளவுக்கு இரத்தத் துளிகள். அவற்றைத் தொடர்ந்து குனிந்தபடியே நடந்த நான் நிமிர்ந்தபோது, எதிரே ஒரு பீச் மரத்தில் மார்பு உயரத்தில் செங்குத்தான ஊதாக் கோடு இருந்தது. 2020 முதல் இம்மாநிலத்தில் அந்தக் கோட்டுக்கு, அனுமதியின்றி நுழையக் கூடாத தனியார் நிலம் என்று பொருள். எல்லை எங்கே என்று காட்டவே அந்தக் கருவியை வாங்கியிருந்தேன். கடைசியில் எல்லையைக் காட்டியது யாரோ பூசிவைத்த வண்ணம்தான். சாலைக்குத் திரும்பி, நில உரிமையாளரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அனுமதி கேட்டுக் காட்டுக்குள் போவதற்குள் இருட்டிவிட்டது. அடிபட்ட அந்த மான் மறுநாள் காலையில்தான் கிடைத்தது. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்: பயன்படுத்தியது, 14 நாள்களுக்குப் பின் திரும்பப் பெறப்படாது. கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால், சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று தேதி தெரியும் திரையின் படத்துடன் அட்டை நிறுவனத்துக்கு எழுதி, பணத்தைத் திரும்பப் பெற்றேன். கணக்கு அறிக்கை வந்த 60 நாள்களுக்குள் எழுத்தில் முறையிட்டுவிடுங்கள்.

வாங்கும்போது கருவியைக் கடைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் கொண்டுவந்து நீங்களே இயக்குங்கள். தேதியைப் பாருங்கள். நில எல்லை வரைபடத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலியோடு ஒப்பிடுங்கள். டிசம்பர்க் குளிரில் கையுறையைக் கழற்றாமல் அழுத்தக்கூடிய பொத்தான்கள் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். தொடுதிரை அங்கே தொல்லைதான். ஏஏ அளவு பேட்டரிகளில் ஓடுவதாக இருந்தால், குளிரில் சீக்கிரம் தளராத லித்தியம் பேட்டரிகளைப் போடலாம். நான் இப்போது வைத்திருக்கும் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. கைப்பேசிச் செயலியே போதும் என்பவர்கள், கோபுரச் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்குகளுக்காக வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. சென்ற வாரம் அவ்வழியே போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே கண்ணாடிப் பெட்டியில், புதியது என்ற சீட்டு ஒட்டிய அதே வகைக் கருவிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன.