திரைக்குப் பின்னால் மார்ட்டின், மேடைமேல் ஃபாரெல்

பாப் இசையில் தயாரிப்பாளராகப் பெரிய ஆளான பிறகு எங்கே நிற்பது? ஸ்வீடனின் மேக்ஸ் மார்ட்டின் ஆரம்பத்தில் ஒரு ராக் குழுவின் பாடகர். ஸ்டாக்ஹோமில் டெனிஸ் பாப் என்ற தயாரிப்பாளரிடம் தொழில் கற்றபின் மேடையையே விட்டுவிட்டார். பிரிட்னி ஸ்பியர்ஸ், கேட்டி பெர்ரி, டெய்லர் ஸ்விஃப்ட், தி வீக்கெண்ட் என்று பாடகர்கள் மாறினார்கள். அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டின் முதலிடம் மட்டும் அவரை விடவில்லை. கணக்குப் போட்டு மெட்டமைப்பவர். அசை மெட்டில் உட்காராவிட்டால் சொல்லைத்தான் மாற்றுவார், மெட்டை அல்ல. பொருள் கொஞ்சம் குழம்பினால்? பரவாயில்லை, ரசிகர் முணுமுணுக்கப்போவது மெட்டைத்தானே! பேட்டியும் அபூர்வம்.

அமெரிக்காவின் ஃபாரெல் வில்லியம்ஸ் நேரெதிர். சாட் ஹியூகோவுடன் 'தி நெப்டியூன்ஸ்' என்ற பெயரில் மற்றவர்களுக்கு இசையமைத்தார்; அப்புறம் 2013இல் 'ஹேப்பி'யைத் தானே பாடி உலகறிந்த முகமானார். 2023இல் லூயி விட்டான் என்ற ஃபேஷன் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்குப் படைப்பு இயக்குநராகவும் ஆனார்.

பாட்டெழுதிப் பிழைக்க நினைப்பவருக்கு நான் மார்ட்டின் வழியைத்தான் சொல்வேன். ஒரு பாடகரின் மவுசு குறைந்தால் அடுத்தவருக்கு எழுதலாம். தன் குரலும் முகமும் எடுபடும் என்று உறுதியாகத் தெரிந்தால், சரி, ஃபாரெல் வழி.