பழைய மோட்டார் சைக்கிள் இருக்கை: மெருகா, நிறப்பூச்சா, புதிய உறையா?

பத்து ஆண்டுகள் ஓடிய என் மோட்டார் சைக்கிளின் இருக்கை முழுவதும் நரைத்துப்போய், பெற்றோல் தாங்கியை ஒட்டிய முனையில் விரல்நீளத்துக்கு வெடித்திருந்தது. அதைச் சீராக்க மெருகெண்ணெய் தடவுவது, இருக்கையின் செயற்கைத் தோலான வைனிலுக்குரிய நிறப்பூச்சை ஸ்பிரே அடிப்பது, குஷன் கடையில் புதிய றெக்சின் உறை போடுவது என்ற மூன்று வழிகளையும் இதே வரிசையில் முயன்று பார்த்தேன். இப்போது வண்டியில் இருப்பது மூன்றாவது.

மெருகெண்ணெய் சில நாட்களுக்குப் பளபளப்பைத் தரும். ஆனால் சிலிக்கன் கலந்ததென்றால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் முன்னே வழுக்கி வருவார். வைனில் இயல்பில் விறைப்பானது. அதில் கலந்திருக்கும் நெகிழ்வூட்டியே அதை மென்மையாக வைத்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் அந்த நெகிழ்வூட்டி மெல்ல மெல்ல வெளியேறுவதால்தான் தோல் விறைத்து வெடிக்கிறது. கறை போக்குவதற்காக மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டுத் தேய்த்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். சவர்க்கார நீரே போதும்.

நிறம் மட்டும் மங்கி, தோல் முழுதாக இருந்தால், நிறப்பூச்சே மலிவான நல்ல வழி என்று நினைக்கிறேன். முன்பு தடவிய சிலிக்கனை முற்றாகத் துடைத்தெடுத்து, மெல்லிய படலங்களாக அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பின்பே அடுத்ததை அடிக்க வேண்டும். என் இருக்கையோ ஏற்கெனவே வெடித்திருந்தது. ஆள் உட்காரும் ஒவ்வொரு முறையும் வாய் திறக்கும் வெடிப்பைப் பூச்சினால் மூட முடியவில்லை. முழுமையான தோலில் அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை நான் அனுபவத்தில் பார்த்ததில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்துத் தந்தது தண்ணீர்தான். வாடைக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கும் மழை, மார்கழி தாண்டியும் விட்டு விட்டுப் பெய்யும் ஊர் இது. வெடிப்பு வழியாக உள்ளே போன நீரை ஸ்பொஞ்ச் குடித்துக்கொள்கிறது. காலையில் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும், உட்கார்ந்ததும் அந்த நீர் மேலே ஏறிக் காற்சட்டையை நனைத்துவிடும். பார்வைக்கு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் நீரைத் தடுக்காத இருக்கையைப் புதுப்பித்ததாக நான் கொள்ளமாட்டேன்.

ஆகவே உறை மாற்றும்போது எல்லாக் கவனத்தையும் நீரைத் தடுப்பதற்கே கொடுத்தேன். பழைய உறையைக் கழற்றி, ஸ்பொஞ்சை நிழலில் முற்றாகக் காயவைத்து, அதன்மேல் ஒரு பொலித்தீன் விரித்த பின்பே றெக்சினைப் போடச் சொன்னேன். உட்காரும் பரப்பில் கட்டம்கட்டமாகத் தைக்கும் அலங்காரத்தை வேண்டாம் என்றேன், ஏனெனில் ஒவ்வோர் ஊசித்துளையும் நீருக்கு ஒரு வாசல். சோபாவுக்கான மெல்லிய வழுக்கல் ரகத்தைத் தவிர்த்து, பின்புறம் துணி ஒட்டிய தடித்த ரகத்தை எடுத்தோம். கடைக்காரர் அதைச் சிறிது நேரம் வாசலில் விரித்துவைத்துவிட்டு, “வெயில் குடிச்சாத்தான் தம்பி, இழுத்த இழுப்புக்கு வரும்” என்றார். வளைவுகளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கடற்கரை ஊரில் சாதாரண ஸ்டேப்ளர் ஊசி விரைவில் துருவேறி விளிம்பைக் கறையாக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கு ஊசியைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது நல்லது. அதன் நீளம் இருக்கையின் அடித்தட்டைத் துளைத்து வெளிவராத அளவில் இருக்க வேண்டும்.

கூலியோடு சேர்த்துப் பார்த்தால் மூன்றில் இதுவே செலவு கூடியது. தொழிற்சாலை அச்சிட்ட எழுத்தும் போய்விடுகிறது. பழைமை மாறாத வண்டியைத் தேடுபவருக்கு விற்பதாக இருந்தால் அது குறையாகலாம். என் உறை ஒரு மாரியைத்தான் கண்டிருக்கிறது. அந்த மாரி முழுவதும், இரவு மழையில் நனைந்த வண்டியைக் காலையில் ஒருமுறை துணியால் துடைத்துவிட்டு உலர்ந்த காற்சட்டையோடு வேலைக்குப் போனேன்.