தொடர்பாடல் பலகையில் சொற்களை அடுக்குவது எப்படி?

பேச்சு வராத பிள்ளைக்குப் படப் பலகையோ டெப் செயலியோ தேடுபவர்கள், படம் வடிவாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சொல்லடுக்கு.

வகைப்படி அடுக்கினால் சாப்பாடு ஒரு பக்கம், உடுப்பு ஒரு பக்கம். செய்வது சுலபம், பாண், புட்டு, கச்சான் எல்லாம் கிடைக்கும். ஆனால் உப்புவெளிக் கடலில் நிற்கும் பிள்ளை இடங்கள் பக்கத்தைத் திறந்து ‘கடல்’ என்று அழுத்தி என்ன பயன்? அது எல்லாருக்கும் தெரிகிறதே. பிள்ளைக்குத் தேவை ‘இன்னும்’ அல்லது ‘காணும்’.

எந்த இடத்திலும் உதவும் சொற்களை முன்னுக்கு வைக்கும் மையச்சொல் அடுக்கு இதற்குத்தான். வா, தா, போ, வேணும், வேண்டாம், காணும் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். சில மாதத்தில் விரலே இடத்தைப் பழகிவிடும். 12 கட்டத்தில் தொடங்கிப் பிறகு 40க்கு மாற்றினால் அந்தப் பழக்கம் குழம்பும். முதலிலேயே 40 கட்டம் போட்டு, தேவையில்லாததை மறைத்து வையுங்கள்.

ஆங்கிலப் பலகையை அப்படியே மொழிபெயர்ப்பதுதான் பெரிய பிழை. அதில் இடமிருந்து வலமாக ஆள், வினை, பொருள் என்று போகும். அழுத்தினால் ‘நான் வேணும் பாண்’ என்று வரும். நாங்கள் சொல்வது ‘எனக்குப் பாண் வேணும்’. ஆகவே வினைகளை வலது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ‘நான்’ பக்கத்தில் ‘எனக்கு’ தனிக் கட்டமாக இருக்கட்டும். ஆளுக்கு மஞ்சள், வினைக்குப் பச்சை என்ற வழக்கமான நிறங்களை மாற்றத் தேவையில்லை.

காட்சிப் படம் வேறு விதம்: வீட்டுக் குசினியின் புகைப்படத்தில் அம்மம்மாவைத் தொட்டால் ‘அம்மம்மா’ ஒலிக்கும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கும், பக்கவாதத்தால் சொல் இழந்தவர்களுக்கும் நல்ல தொடக்கம். படத்துக்கு வெளியே சொல் இல்லை என்பதுதான் குறை.

அவுஸ்திரேலியாவில் பேச்சுச் சிகிச்சையாளர் கெயில் போர்ட்டர் உருவாக்கிய பொட் (PODD) என்ற தொடர்பாடல் புத்தகம் ‘ஏதோ பிழை’, ‘கேள்வி கேட்கப்போறன்’ என்று, பேசுவதன் நோக்கத்திலிருந்து தொடங்கும். வசனம் நன்றாக வளரும்; ஆனால் பக்கம் புரட்டுபவரும் பழக வேண்டும். வீட்டில் ஒருவராவது தினமும் இருந்து புரட்டாவிட்டால் அலுமாரியில்தான் கிடக்கும்.

எதை எடுத்தாலும் முதற்பக்கத்தைக் கடதாசியிலும் அச்சடியுங்கள், கட்டங்கள் இடம் மாறாமல். கடற்கரை வெயிலில் டெப் திரை தெரியாது. மங்கல் லேமினேட் போட்டு, ஓரத்தில் 5 மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். தாளோடு ஒட்ட வெட்டினால் மாரி மழைக்கு ஈரம் உள்ளே போய்ப் படம் ஊறிவிடும்.