டாமியா டிடி-02பி: செம்மண்ணில் சில வருடங்கள் ஓட்டிய பிறகு

டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் இந்த ரிமோட் கண்ட்ரோல் காரைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெட்டியில் வந்த பாகங்களில் பாதிக்கு மேல் இப்போது வண்டியில் இல்லை. ஆனால் வேகத்துக்கென்று நான் பணம் போட்டது கடைசியில்தான். டிடி-02பி வாங்கியவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் ஆரம்பிக்கிறார்கள். மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கு அது தலைகீழ் வரிசை என்பதுதான் என் அனுபவம்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1/10 அளவு, நான்கு சக்கர இழுவை. மோட்டார் பின்பக்கம், அங்கிருந்து முன் கியர்பாக்ஸுக்கு நடுவே ஒரு நீள ஷாஃப்ட், எல்லாவற்றையும் தாங்க ஒரே துண்டாக வார்த்த தொட்டி வடிவ பிளாஸ்டிக் சேஸிஸ். நியோ ஸ்கார்ச்சர், பிளாஸ்மா எட்ஜ் II என்று மேலே பாடி மாறும், உள்ளே சரக்கு ஒன்றுதான். அடிப்படையில் இது டிடி-02 என்ற தார்ச்சாலை கார்தான். அதற்குச் சக்கரங்களைத் தாங்கும் நீளமான சஸ்பென்ஷன் கைகளும், உயரமான ஷாக்குகளும் (அதிர்வுதாங்கிகளும்) கொடுத்து மண்ணில் இறக்கியிருக்கிறார்கள். பந்தயத்துக்கென்றே வடிவமைத்த பக்கி (மண்ணில் ஓட்டும் கார் வகை) இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வருத்தம் வராது.

நாங்கள் ஓட்டுவது ஊருக்கு வெளியே விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவில். கெட்டியான செம்மண், அதன் மேல் விரல் அளவுக்குப் புழுதி, அங்கங்கே எல்லைக்கல். பழைய தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டு ட்ராக் ஆக்கியிருக்கிறோம். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தரைக்கானது. கார்ப்பெட் ட்ராக்கில் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு.

அசெம்பிளியில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். டாமியா ஸ்க்ரூக்களின் தலை ஜப்பான் அளவு. நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் தலையை அரித்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூக்கள் நேரே பிளாஸ்டிக்கில் இறங்குவதால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய புரியில் விழும். அப்புறம் இறுக்குங்கள். இதைச் செய்யாதவர்களின் சேஸிஸில் ஓட்டைகள் சீக்கிரமே தளர்ந்துவிடும். தளர்ந்துவிட்டால் ஓட்டைக்குள் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஸ்க்ரூவை இறக்கினால் மறுபடி பிடிக்கும்.

கிட்டில், அதாவது பாகங்களாக வரும் பெட்டியில், பால் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (வெறும் வளையம்) வருகிறது. அதை மாட்டாமலே தூக்கிப் போடலாம். பெரும்பாலும் 1150 எனப்படும் அளவுதான், அதாவது உள்விட்டம் 5 மி.மீ., வெளிவிட்டம் 11 மி.மீ. மெட்டல் மூடி போட்டது வேண்டாம், ரப்பர் சீல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் சீலில் உராய்வு ஒரு துளி கூடுதல்தான். ஆனால் செம்மண் புழுதி மெட்டல் மூடி இடுக்கில் புகுந்தால் பேரிங் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். மழைக்குப் பிறகு ஈர மண்ணில் ஓட்டினால் அன்றே சக்கரத்தைக் கழற்றித் துடைத்துவிடுவது நல்லது.

அடுத்து பினியன், அதாவது மோட்டார் முனையில் மாட்டும் சின்னப் பற்சக்கரம். கிட்டில் வருவது மென்மையான உலோகம். கியர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை கிரீஸ் கரும்பசையாகியிருக்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அது பினியனின் பல்லும் மண்ணும் சேர்ந்த கலவை. அதை அப்படியே ஓடவிட்டால் அடுத்து அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரையும் தின்றுவிடும். 0.6 மாட்யூல் (பல்லின் அளவு) ஸ்டீல் பினியன் ஒன்று போட்டதோடு இந்தத் தொல்லை தீர்ந்தது. மேனுவல் சொன்னாலும், வெளியே இருக்கும் இந்த ஜோடிப் பற்களுக்கு நான் இப்போது கிரீஸ் வைப்பதில்லை. மண்ணைப் பிடித்துவைக்கத்தான் அது உதவுகிறது. மூடிய கியர்பாக்ஸுக்குள் மட்டும் கிரீஸ்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்தான் சர்வோ. மோதலில் அதற்கு அடிபடாமல் காக்கும் கிட் சர்வோ சேவர் ரொம்பத் தொளதொள. சக்கரத்தைக் கையால் திருப்பினால் சர்வோ அசையாமலே நன்றாகத் திரும்புகிறது. நேராகப் போகச் சொன்னால் வண்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு 'நேர்' காட்டும். டாமியாவின் ஹை டார்க் சர்வோ சேவரும் மெட்டல் கியர் சர்வோவும் போட்டபின்தான் ட்ரிம் (வண்டி நேராகப் போக ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) என்ற ஒன்றுக்கு அர்த்தம் வந்தது. பெரிய டார்க் சர்வோ வாங்குவதற்கு முன் உங்கள் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்று பாருங்கள். போதாவிட்டால் முழுத் திருப்பத்தில் ரிசீவர் அணைந்து எழும். சிக்னல் போனால் காரை நிறுத்தும் ஃபெயில்சேஃபையும் அன்றே செட் செய்துவிடுங்கள். எல்லைக்கல் இருக்கும் இடத்தில் சிக்னல் போன கார் நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

இப்போது டிஃப் (டிஃபரென்ஷியல்), அதாவது வளைவில் இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம். இந்த வண்டியைப் பந்தய வண்டி மாதிரி நடக்கவைத்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்னும் பின்னும் கியர் டிஃப். வெறும் கிரீஸோடு இருந்தால் இரண்டும் தாராளமாகச் சுற்றும். வளைவிலிருந்து வெளிவரும்போது த்ராட்டில் கொடுத்தால் எடை பின்னுக்கும் வெளிப்பக்கத்துக்கும் சாயும். முன்னால் உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும். சக்தி எல்லாம் அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கே போகும். மோட்டார் அலறும், வண்டி நகராது. இந்த நிலையில் பெரிய மோட்டார் போட்டால் அலறல்தான் கூடும்.

முன் டிஃபில் கெட்டியான சிலிக்கான் ஆயில் போட்டால் அது இரு சக்கரங்களையும் ஓரளவு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிவில் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். நான் முன்னால் 100,000 சிஎஸ்டி (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு), பின்னால் 10,000 வைத்திருக்கிறேன். பின்னால் அதைவிடக் கெட்டியாகப் போட்டுப் பார்த்ததில், புழுதியில் த்ராட்டில் தொட்டதும் வால் பிய்த்துக்கொண்டு போனது. முன்னாலும் அளவு மீறினால் த்ராட்டில் விட்டு வளைவுக்குள் நுழையும்போது வண்டி திரும்ப மறுக்கும். டிஃபுக்குள் இருக்கும் பெவல் (சாய்பல்) கியர்களின் தலை லேசாகத் தெரியும் அளவுக்கு ஊற்றினால் போதும், விளிம்பு வரை வேண்டாம். இந்த டிஃபின் மூடி முழுமையாகச் சீல் ஆகாது, மெல்லிய ஆயில் மெதுவாகக் கசியும். மூடி விளிம்பில் கொஞ்சம் கெட்டி கிரீஸ் தடவி மூடுகிறேன். அப்படியும் பின் டிஃபை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இது இந்த வண்டியின் குணம், சலித்துக்கொண்டு பயனில்லை.

கிட்டோடு வரும் சிவிஏ என்ற பிளாஸ்டிக் ஆயில் ஷாக்குகளைக் குறை சொல்ல மாட்டேன். அலுமினியம் ஷாக் அழகாக இருக்கும்தான். ஆனால் சிவிஏ-வைப் பொறுமையாக நிரப்பினால் அதே வேலையைச் செய்யும். ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, குமிழி எல்லாம் மேலே வரும் வரை நிறுத்திவைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் மூடி) வைத்து மூடுங்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பார்த்தால் ஒரே மாதிரி எழ வேண்டும். ஆயில் வாங்கும்போது 'வெயிட்' எண்ணை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். அசோசியேட்டட் என்ற கம்பெனியின் ஆயிலில் 30 வெயிட் என்பது 350 சிஎஸ்டி, 35 வெயிட் 425, 40 வெயிட் 500. எனக்கு முன்னால் 425, பின்னால் 350 சரியாக இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆயில் இளகிவிடும், அப்போது இரண்டையும் ஒரு படி ஏற்றுவேன். உயரத்துக்கு ஸ்பிரிங் மேல் மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பேசர்களே போதும். வண்டியைக் கொஞ்சம் உயரத்திலிருந்து தரையில் போட்டால், அது அமரும்போது ட்ரைவ் ஷாஃப்ட்டுகள் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மோட்டார். என் கிட்டோடு வந்த ஈஎஸ்சி டாமியாவின் டிபிஎல்இ-02எஸ். மோட்டாரில் 'டர்ன்' என்பது கம்பிச் சுற்றின் எண்ணிக்கை, அது குறைந்தால் வேகம் கூடும். இந்த ஈஎஸ்சியில் பிரஷ் மோட்டார் என்றால் 25 டர்னுக்குக் கீழே போகக்கூடாது, சென்சார் வைத்த பிரஷ்லெஸ் என்றால் 15.5 டர்னுக்குக் கீழே போகக்கூடாது. அதனால் 17.5 டர்ன் பிரஷ்லெஸ் அதிலேயே ஓடும். ஆனால் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கான கட்-ஆஃப், அதாவது சார்ஜ் குறைந்ததும் நிறுத்தும் வசதி, அதில் இல்லை. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், கட்-ஆஃப் உள்ள வேறு ஈஎஸ்சிக்கு மாறிவிட்டேன். வெள்ளை டாமியா கனெக்டரையும் வெட்டிவிட்டு எக்ஸ்டி60 கனெக்டர் வைத்தேன். பழையது சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். கியர் கணக்கு சுலபம். ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து வண்டியின் உள் கியர் விகிதமான 2.6-ஆல் பெருக்க வேண்டும். 70-க்கு 17 என்றால் சுமார் 10.7, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் அத்தனை முறை சுற்றும். மோட்டார் உட்காரும் ஓட்டைகள் நிலையானவை, இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ஓட்டம் முடிந்ததும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பினியனில் ஒரு பல் குறைப்பேன்.

நீல நிற அலுமினியப் பாகங்கள் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. முன்சக்கரப் பகுதியைக் கையோடு இணைக்கும் சி-ஹப் பிளாஸ்டிக்கில் இருந்தபோது கல்லில் மோதினால் அதுதான் உடையும். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். அலுமினியம் போட்டால் அடி அடுத்த இடத்துக்குப் போகிறது. சஸ்பென்ஷன் கை உடையும், இல்லாவிட்டால் சேஸிஸின் ஸ்க்ரூ ஓட்டை பிய்யும். ஸ்டீயரிங் செட்டுக்கு மட்டும் அலுமினியம் நியாயம், அங்கே தொளதொளப்பு போகிறது. மற்ற இடங்களில் பிளாஸ்டிக்கே இருக்கட்டும்.

டயரில் சிக்கனம் வேண்டாம். புழுதி மேலே இருந்தால் உயரமான முட்கள், ஓட்டி ஓட்டித் தரை பளபளவென்று ஆனபின் குட்டி முட்கள். கிட் டயர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது.

எல்லாச் செலவையும் கூட்டினால் ஒரு பழைய பந்தய பக்கி வாங்கும் தொகையை நெருங்கிவிடும். ட்ராக்கில் அடிக்கடி போட்டி நடக்கும் ஊரில் இருப்பவர்கள் நேரே அதற்கே போய்விடலாம். என்னைப் போல மனைப்பிரிவில் நண்பர்களோடு ஓட்டுபவருக்கு டிடி-02பி தாராளமாகப் போதும். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தால் கிட்டோடு சேர்த்தே இரண்டு ஜோடி சி-ஹப், ஒரு ஸ்பர், ஸ்டீல் பினியன், ரப்பர் சீல் பேரிங் செட் ஆர்டர் போட்டுவிடுங்கள். கூரியர் செலவு ஒரு முறையோடு போகும்.